என்னைக் காரணம் சொல்லாதே

அன்புள்ள பிரபு,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு அம்மா கடிதம் எழுதுகிறாளே என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் யோசித்துப் பார், நாம் உட்கார்ந்து பேசி எவ்வளவு காலமாயிற்று? நீ காலையில் ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் பிடிக்க ஓடும்போது நான் அப்பாவுக்கு மாத்திரை பிரித்துக்கொண்டிருப்பேன். நீ திரும்பி வரும்போது உன் காதில் போன் இருக்கும், ஏதோ ஒரு லெதர் லாட் வரவில்லை, ஏதோ ஒரு கன்டெய்னர் நிற்கிறது என்று பேசிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாய், பேசிக்கொண்டே சாப்பிடுவாய். நடுவில் புகுந்து பேச எனக்கு வராது. அதனால் டயாலிசிஸ் சென்டரின் வராந்தாவில், இந்தப் பச்சை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா உள்ளே படுத்திருக்கிறார். மெஷின் அவரை விடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. இதை நீ மட்டும் படித்தால் போதும் என்றும் நினைக்கவில்லை. உன்னைப் போன்ற மகன்கள் நம் தெருவிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ நிவேதாவிடம் சமையலறையில் பேசியதை நான் கேட்டுவிட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "இப்போ வேணாம் நிவேதா. அப்பாவுக்கு வாரத்துக்கு மூணு வாட்டி டயாலிசிஸ் இருக்கு. அம்மா தனியா இன்னா பண்ணுவாங்க? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றாய். அவள் "சரி" என்று மட்டும் சொன்னாள். கல்யாணம் ஆனதிலிருந்து அந்தப் பெண் மேகாலயா, மேகாலயா என்று போனில் படம் காட்டிக்கொண்டிருந்தவள். தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தவள். கொஞ்ச நேரம் கழித்து நான் உள்ளே போனபோது, புதிதாக வாங்கிய இரண்டு ஸ்வெட்டர்களையும் மடித்துப் பழையபடி கவரில் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் அவன்கிட்ட பேசட்டுமாம்மா?" என்று கேட்டேன். "வேணாம் அத்தை. பரவால்ல. எனக்குப் பழகிடும்" என்றாள்.

 அதே சொல்லை அவள் வயதில் நானும் சொன்னேன், பிரபு. சொன்னபடியே பழகியும் போனேன். அது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ வளர்ந்ததே நம் லாட்ஜில்தான். வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், ஆட்டோ நுழைந்தால் ஆள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அந்தச் சந்தில், கீழே ரூம்கள், மேலே ரூம்கள், நடுவில் நாம். ஒவ்வொரு ரூமிலும் ஒரு ஸ்டவ், ரெண்டு பாத்திரம், ஒரு பக்கெட். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ஏறி காட்பாடியில் இறங்கி, எக்ஸ்ரே கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார்கள். எந்த நேரத்தில் ரயில் வருமோ அந்த நேரத்தில் நம் கதவு தட்டப்படும். இந்தியும் வங்காளமும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, பக்கெட் கொடுத்தும் சாவி வாங்கியும் கற்றுக்கொண்டேன். அப்பா அந்தக் கவுண்டரை விட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை. பொங்கலுக்கும் அங்கேதான், தீபாவளிக்கும் அங்கேதான். நான் முணுமுணுத்தால் ஒரே பதில்: "நோவாளி வந்து நிக்கும்போது கதவு பூட்டியிருந்தா அவன் இன்னா நெனைப்பான்?"

இதற்கு என்ன பதில் சொல்வது? அதுதான் அதிலிருந்த கஷ்டம். குடித்துவிட்டு வீட்டில் கிடக்கும் புருஷன் என்றால் சண்டை போடலாம். சோம்பேறி என்றால் திட்டலாம். இவர் சொன்னதோ நியாயம். மே மாதத்தில் பக்கத்து வீட்டார் ஊட்டிக்கு வேன் பேசுவார்கள். எனக்கு வயிறு எரியும். அடுத்த நிமிஷம் நோவுள்ள கைக்குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஒருத்தி வராந்தாவில் நடந்து போவாள். என் ஆசை எனக்கே அசிங்கமாகிவிடும். ஊர் சுற்ற வேண்டும் என்பதை அந்தக் கட்டடத்துக்குள் வாய்விட்டுச் சொல்லக்கூட முடியவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது, ஒரு குடும்பத்தை வழியனுப்ப காட்பாடிக்கு உன்னைக் கூட்டிப்போனேன். வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேருக்குமா உடம்பு சரியில்ல?" என்று கேட்டாய். ரயில் என்றால் நோவுக்காக ஏறுவது என்றுதான் உனக்குத் தெரிந்திருந்தது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு தடவை போக இருந்தோம். ஜல்பாய்குரியிலிருந்து மாலதி அக்கா என்று ஒருவர் தன் புருஷனின் சிகிச்சைக்காக வந்து மாதக்கணக்கில் நம்மிடம் தங்கினார், உனக்கு ஞாபகம் இருக்கும். கடுகு அரைத்து மீன் சமைத்து உனக்குக் கிண்ணத்தில் கொண்டு வருவார். ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊருக்கு நோவாளியா இல்லாம சும்மா விருந்தாளியா வா" என்று அவர் பாஷையில் சொன்னார். வங்காளிகளின் துர்கா பூஜை சமயத்தில் எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள், நம் ரூம்கள் பாதி காலியாகக் கிடக்கும். அப்போது போகலாம் என்று அப்பாவே சொன்னார். மூன்று பேருக்கும் டிக்கெட் எடுத்தோம். லாங் பஜாரில் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினோம். நீ கிளாஸ் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாய்.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அஸ்ஸாமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. ஒரு அம்மா, அவருடைய தம்பி, இதயத்தில் ஓட்டை உள்ள ஒரு பெண் குழந்தை. அப்பா அந்தக் குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இவங்கள வுட்டுட்டு எப்படி போறது?" என்றார். நம்மிடம் அப்போதே பத்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த பாஷா பாய், "நான் பாத்துக்கறேன் முதலாளி, நீங்க போய்ட்டு வாங்க. பாப்பாவுக்கு கீழ் ரூமே குடுத்துடறேன்" என்றார். அப்பா அசையவில்லை. "அடுத்த வருஷம் போலாம்" என்றார். நீ பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றாய். நான்தான் உன்னைத் தூக்கி இறக்கினேன்.

பல வருஷம் கழித்துத்தான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குழந்தைக்கு ரூம் கொடுத்தது பாஷா பாய். படுக்கப் பாய் விரித்துக் கொடுத்ததும் அவர்தான். காலையில் ஆஸ்பத்திரி வரிசையைக் காட்டிக் கொடுத்ததும் அவர்தான். அப்பா நாம் போக இருந்த பத்து நாளும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். நாம் ரயிலில் இருந்திருந்தாலும் அந்தக் குழந்தைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. அப்பா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. தான் இல்லாமல் அந்தக் கதவு திறக்காது என்று அவர் நிஜமாகவே நம்பினார். அப்படி நம்புகிறவனை யார் வெளியே இழுக்க முடியும்?

அது நடந்து கொஞ்ச நாளில் வாணியம்பாடியில் என் சித்தி ஒருத்தர் இறந்துபோனார். "நீ போய்ட்டு வா, ரூம் எல்லாம் ஃபுல்லா இருக்கு" என்று அப்பா என்னை மட்டும் அனுப்பினார். தனியாக பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட் கிடைத்தது. பள்ளிகொண்டா தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் வந்து போனது. பிரியாணிக் கடை வாசலில் கூட்டம், ஷிஃப்ட் விட்டு ஷூ கம்பெனிப் பெண்கள் டிபன் பையோடு கும்பல் கும்பலாக நடந்து போனார்கள். சாவுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பிரபு. அப்படி இருந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. சித்தியைச் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். மத்தியானமே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். எதிரில் ஏலகிரி என்று போர்டு போட்ட பஸ் ஒன்று நின்றது. நான் ஏறவில்லை. ஆனால் அது கிளம்பிப் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் ஒன்று தோன்றியது. கல்யாணம் என்றால் ஏன் நீ மட்டும் என்று கேட்பார்கள், கோயில் என்றால் அடுத்த மாதம் எல்லோருமாகப் போகலாம் என்பார்கள், சாவு என்று சொன்னால் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை.

மீதியை நீ ஊகித்திருப்பாய். நான் ஆட்களைச் சாகடிக்க ஆரம்பித்தேன்.

முதலில் வாணியம்பாடியிலேயே ஒரு பெரியம்மா. அப்படி ஒரு பெரியம்மா எனக்குக் கிடையவே கிடையாது. அவர் பேரைச் சொல்லி ஏலகிரி பஸ்ஸில் ஏறி மேலே போனேன். வளைவுக்கு வளைவு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மேலே போய் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றுமே செய்யவில்லை. ஒரு மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். ஏரியில் படகு விடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் கொஞ்ச நேரத்தில் போரடித்தது. ஆனால் யாரும் வந்து "தீதி, பால்ட்டி" என்று பக்கெட் கேட்கவில்லை. யாருக்கும் சாவி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்த்ததில்லை. இருட்டுவதற்குள் திரும்பி வந்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது என்று அப்பா பின்வாசலில் வெந்நீர் போட்டு, துண்டு வைத்து, மாற்றுப் புடவையும் எடுத்து வைத்திருந்தார். அந்த வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொள்ளும்போது அழுதுவிட்டேன். செத்தவர்களுக்காக அழுகிறேன் என்று நினைத்து அவர் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த முடியவில்லை. ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் நடுவில் சில மாதங்கள் விடுவேன். மாமல்லபுரம் போய்க் கடலில் முழங்கால் வரை நின்றேன். ரயிலேறி பங்காருபேட்டை மாறி கோலார் தங்கவயலுக்குப் போய், சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் மலைபோல நிற்பதைப் பார்த்தேன். காசு எங்கிருந்து என்று கேட்பாய். ஊருக்குத் திரும்புகிறவர்கள் விட்டுப் போகும் தண்ணீர் கேன், அட்டைப் பெட்டி, பழைய ஸ்டவ், பேப்பர் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரருக்குப் போடுவேன். அந்தக் காசை வீட்டுச் செலவில் சேர்க்காமல் போஸ்ட் ஆபீஸில் என் பேரில் ஆர்.டி. கட்டினேன். சின்னக் காசுதான். பஸ்ஸுக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் அதற்கு மேல் என்ன வேண்டும்? நீ அப்போது பாலிடெக்னிக் ஹாஸ்டலில் இருந்தாய். போனில் "இன்னாம்மா, நம்ம சொந்தத்துல இவ்ளோ பேர் சாவுறாங்க" என்று ஒரு தடவை கேட்டாய். நான் பேச்சை மாற்றினேன்.

கடைசியாகச் சாகடித்தது குடியாத்தம் பெருமாள் மாமாவை. என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி, லுங்கி போடும் பவர்லூம் வைத்திருந்தவர். அவர் நிஜமான ஆள். அதுதான் நான் செய்த தப்பு. கற்பனையில் ஆள் தீர்ந்துபோய்விட்டது. ஒருநாள் காலை மாடியில் பெட்ஷீட் உலர்த்திக்கொண்டிருக்கிறேன், கீழே கவுண்டரில் ஒரு குரல். "இன்னா மாப்ள, சௌக்கியமா? கண்ணு ஆபரேஷனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு நாளு ரூம் வேணுமே."  படியில் பாதி இறங்கி நின்றுவிட்டேன். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, பெருமாள் மாமாவின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வாங்க மாமா, உக்காருங்க. பாஷா பாய், மாமாவுக்கு டீ சொல்லுங்க. சக்கரை கம்மியா" என்றார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை மாறவில்லை. மாமா இருந்த ரெண்டு நாளும் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வாடகை வாங்கவில்லை.

மாமா கிளம்பின பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கையை ஓங்கினாலும் ஓங்குவார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன், அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றாலும். "இன்னும் எத்தினி பேரு உயிரோட இருக்காங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ஏலகிரி, மாமல்லபுரம், தங்கவயல். கேட்டுக்கொண்டே இருந்தார். "என்னைக் கூப்ட்டிருக்கலாம் இல்ல?" என்றார். "கூப்ட்டிருந்தா வந்திருப்பீங்களா?" என்று கேட்டேன். சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு சாவியாகத் தள்ளிக்கொண்டே யோசித்தார். "வந்திருக்க மாட்டேன்தான்" என்றார். அதற்கப்புறம் சில நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் ஊர் சுற்றியதில் அவருக்குக் கோபம் இல்லை, பிரபு. கடல் பார்க்க ஒருத்தி சாவு சொல்லிக்கொண்டு போகும் அளவுக்குத் தன் வீடு இருந்திருக்கிறது என்பதுதான் அவரைக் குத்தியது. அது எனக்கு அப்போது புரியவில்லை. பொய் சொன்னதற்காக மன்னிப்பு மட்டும் கேட்டேன்.

பிறகு ஒருநாள் அவரே மாலதி அக்காவுக்குப் போன் போட்டு, பூஜைக்கு வருகிறோம் என்று சொன்னார். இந்தத் தடவை நிஜமாகவே. லாட்ஜை பாஷா பாயிடம் விட்டுப் போவதாகவும் முடிவாயிற்று. அந்த வருஷம் மழைக்கு முன்னால் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. டெஸ்ட் எடுத்தார்கள். கிட்னி. எத்தனையோ கிட்னி நோவாளிகளுக்கு ரூம் கொடுத்தவருக்கு டாக்டர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை, ரிப்போர்ட்டைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் லாட்ஜை லீசுக்கு விட்டதும், சத்துவாச்சாரிக்கு வீடு மாறியதும், உன் கல்யாணமும் உனக்குத் தெரிந்ததுதான். வாழ்நாள் முழுக்க அவர் திறந்து வைத்திருந்த அந்தக் கதவு இப்போது யார் யாராலோ திறக்கப்படுகிறது. நோவாளிகள் வருகிறார்கள், போகிறார்கள். ஒன்றும் நிற்கவில்லை.

இப்போது எங்களிடம் நேரம் இருக்கிறது, லீசுப் பணம் வருகிறது. ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் மெஷினுக்கு வந்தாக வேண்டும். கயிற்றின் நீளம் அவ்வளவுதான். அதற்குள் எங்கே போய்விட்டு வர முடியுமோ அங்கே போகிறோம். மெஷின் இல்லாத நாளில், நீயும் நிவேதாவும் வேலைக்குப் போனபிறகு, நான் அவரை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போகிறேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் பயப்படுவாய். போன மாதம் ஒடுகத்தூருக்குப் போனோம். நிலக்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் மலை. அவர் ரொம்ப மோசமான பிரயாணி. ஏறினதிலிருந்து, "பாத்ரூம் எங்க இருக்கும்? கடைசி பஸ் எப்போ?" என்று நச்சரித்தார். ஒருநாளைக்கு அளந்து குடிக்க வேண்டிய தண்ணீரை ஒரு சின்ன பாட்டிலில் கொண்டு போனேன், அதையும் பாதி வழியிலேயே முடித்துவிட்டார். இறங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகவில்லை, "பாத்தாச்சு, போலாம்" என்றார். நான் வரப்போரம் உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். பச்சைக் கடலையை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அது ஆகாது. "இந்த ஊரு ஆளுங்க எத்தினி பேர் நம்ம லாட்ஜுக்குப் பக்கத்துலயே பஸ் ஏறி எறங்கியிருப்பாங்க. இப்படி ஒரு மலை இருக்குதுன்னு எனக்குத் தெரியல பாரு" என்றார். வேலூரிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம், பிரபு. அவருக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியில் லீவு தரமாட்டார்கள், ஷிப்மென்ட் இருக்கிறது என்று நீ வீட்டில் சொல்வாய். நானும் நம்பினேன். உன் ரிசப்ஷனில் உன் மேனேஜர் மேடையிலிருந்து இறங்கி வந்து, பெருமையாக என்னிடம் சொன்னார்: "உங்க பையன் மாதிரி கெடைக்காதும்மா. இத்தினி வருஷத்துல லீவுன்னு வந்து நின்னதே இல்ல. நானே எடுத்துக்கோன்னு சொன்னாலும், வேணாம் சார்ம்பான்." நான் சிரித்துத் தலையாட்டினேன்.  உன்னை யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. நீ கேட்கவே இல்லை. நீ ஒரு வாரம் இல்லாவிட்டால் அந்த ஷூவெல்லாம் தைக்கப்படாமல் நின்றுவிடும் என்று நீயும் நம்புகிறாய். அதற்கு மேல் இப்போது உனக்கு இன்னும் நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. நோவாளி அப்பா, தனியாக இருக்கும் அம்மா. யார் எதிர்த்துப் பேச முடியும்? நிவேதாவால் முடியுமா? அன்று அந்த அஸ்ஸாம் குழந்தையின் முன்னால் என்னால் வாய் திறக்க முடிந்ததா?

அதனால் நான் சொல்கிறேன், சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். என்னைக் காரணம் சொல்லாதே. அப்பாவைச் சென்டருக்கு அழைத்து வர எனக்கு நீ வேண்டியதில்லை, ஷேர் ஆட்டோ இருக்கிறது. தூக்கி உட்கார வைக்க பாஷா பாய் வருகிறேன் என்கிறார், அவருக்கும் இப்போது வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. பத்து நாளைக்கு இது போதும்.

இனிமேல் வருஷா வருஷம் லீவை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிடு. மனசு வந்தபோது கேட்கலாம் என்று வைத்திருந்தால் மனசு வரவே வராது. காசும் அப்படித்தான், சம்பளம் வந்த அன்றே தனியாகப் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதில் போகலாம் என்றால் பள்ளிகொண்டாவைக்கூடத் தாண்ட மாட்டாய். நிவேதாவுக்கு இதெல்லாம் உன்னைவிட நன்றாகத் தெரியும், அவள் கையில் விட்டுவிடு. வீடு கட்டிவிட்டு, குழந்தை பிறந்து, அது வளர்ந்து, எல்லாம் செட்டில் ஆனபிறகு என்று பேசாதே. அப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தூரப் பயணம் முடியாவிட்டால், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறுங்கள். ஏலகிரி உன் கம்பெனியிலிருந்து கூப்பிடு தூரம். உன் மனைவியை ஒரு தடவையாவது அங்கே அழைத்துப் போனாயா? அவள் என்னைப் போல ஆட்களைச் சாகடிக்க ஆரம்பிப்பாள் என்று சொல்லவில்லை. அவள் படித்தவள், சம்பாதிக்கிறவள், பொய் சொல்ல வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. ஒருநாள் உன்னைக் கேட்காமலே கிளம்பிப் போய்விடுவாள். அது அவளுக்கு நல்லது. உனக்குத்தான் கஷ்டம்.

இதுவரை எழுதியபோது நர்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். அப்பா முழித்துக்கொண்டிருந்தார். "இன்னா எழுதிக்கினே இருக்க, அவ்ளோ நேரமா?" என்று கேட்டார். படித்துக் காட்டினேன். பெருமாள் மாமா வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடித்ததும், "அவன் ஏன் போகலன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும் என்றேன். எனக்கு எழுதத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். காரணம் ஷிப்மென்ட்டும் இல்லை, நான் தனியாக இருப்பதும் இல்லை. நீ எங்கோ மலையில் நிற்கும்போது இங்கிருந்து அப்பாவைப் பற்றிய அந்தப் போன் வந்துவிடுமோ என்று பயப்படுகிறாய். ரவுண்டு ரவுண்டாகச் சுற்றி வந்து நான் சொல்லாமல் விட்டதை அவர் படுத்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டார். அந்தப் போன் வராது என்று உனக்கு உறுதி கொடுக்க எங்களால் முடியாது. நீ பக்கத்து ரூமில் தூங்கினாலும் அது வரத்தான் போகிறது.

"நான் சொன்னேன்னு இதையும் எழுது" என்றார் அப்பா. ஊசி குத்தின கையை ஆட்டாமல், இன்னொரு கையால் என் பேனாவைக் காட்டினார். "போன எடத்துல இருக்கும்போது எனக்கு எதாச்சும் ஆச்சுன்னா பேஜாராவாத. ஐஸ் பொட்டியில வெச்சிருப்பாங்க. நான் எங்கியும் போய்ட மாட்டேன். அவசரப்பட்டு பிளைட்டுக்கு ஜாஸ்தி துட்டு குடுக்காத. கம்மியா இருக்கறதா பாத்து பொறுமையா வா."

நர்ஸ் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டேன். இப்போது ஊசியை எடுக்கப் போகிறார்கள். அந்த இடத்தில் பஞ்சை வைத்து நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும், ரத்தம் நிற்கும் வரை விடக்கூடாது. அதனால் நிறுத்துகிறேன். இன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சாப்பிட உட்காருவதற்கு முன்னால் மேனேஜருக்குப் போன் போட்டு லீவு கேள். நிவேதா கேட்கும்படி, சத்தமாகக் கேள்.

அம்மா